கடைசிச் சில நூறு மீட்டர்: பொம்மசந்திராவில் வீட்டு இணையம் கடந்து வந்த வழி

பெங்களூரிலிருந்து ஓசூர் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், எலக்ட்ரானிக் சிட்டியைக் கடந்து, ஹெப்பகோடிக்கும் சந்தாபுராவுக்கும் இடையில் அமைந்த பொம்மசந்திரா, ஆனேக்கல் தாலுகாவைச் சேர்ந்த ஒரு தொழிற்பேட்டை ஊராகும். கர்நாடகத் தொழிற்பகுதி வளர்ச்சி வாரியம் உருவாக்கிய தொழிற்பேட்டையும், இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த நாராயண ஹிருதயாலயா மருத்துவமனையும், ஆர்.வி. சாலையிலிருந்து 19.15 கிலோமீட்டர் நீளத்துக்கு அமைக்கப்பட்டு 2025 ஆகஸ்டில் திறக்கப்பட்ட மெட்ரோ மஞ்சள் தடத்தின் முனையமும் இன்று அவ்வூரின் அடையாளங்களாக உள்ளன. தமிழ்நாட்டிலிருந்தும் வட மாநிலங்களிலிருந்தும் வேலைக்கு வந்து இங்கு வாடகைக்குக் குடியேறும் குடும்பங்கள், தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் அடுத்தபடியாக விசாரிப்பது இணைய இணைப்பைப் பற்றித்தான். எந்த நிறுவனம் நல்லது என்ற அந்த விசாரணைக்குப் பெரும்பாலும் விளம்பரத்தில் கண்ட வேகத்தையும் மாதக் கட்டணத்தையும் வைத்தே விடை தேடப்படுகிறது. பெங்களூரில் இணையம் வேரூன்றிய நாற்பது ஆண்டு வரலாறோ வேறொன்றைக் காட்டுகிறது. வீட்டுக்கு வரும் இணையத்தின் தரம் நிறுவனத்தின் பெயரால் அமைவதைவிட, வீட்டு வாசலுக்கு முந்தைய சில நூறு மீட்டரில் ஓடும் கம்பி யாருடையது, அதை எத்தனை வீடுகள் பகிர்ந்துகொள்கின்றன, அது அறுந்தால் வந்து ஒட்டிக்கொடுப்பவர் யார் என்ற மூன்று கேள்விகளுக்கான விடையால்தான் அமைகிறது. இந்த மூன்றும் இன்றைய வடிவத்தை எவ்வாறு அடைந்தன என்பதை அறிந்தவர்க்கு, சேவையாளரைத் தேர்ந்தெடுப்பது குருட்டாம்போக்கான வேலையாக இராது.

ஆலைக்கு முதலில், வீட்டுக்குப் பிறகு

கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் வசதி பெங்களூருக்கு முதலில் வானத்தின் வழியாகவே வந்தது. 1985-இல் இந்நகரில் மென்பொருள் வடிவமைப்பு மையத்தைத் தொடங்கிய அமெரிக்காவின் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம், இங்குள்ள பொறியாளர்களின் வேலையைத் தன் நாட்டு அலுவலகங்களுக்கு உடனுக்குடன் அனுப்புவதற்காகச் செயற்கைக்கோள் இணைப்பு ஒன்றை ஏற்படுத்திக்கொண்டது. அதே காலத்தில், 1986-இல், மத்திய அரசின் மின்னணுவியல் துறையும் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டமும் சேர்ந்து தொடங்கிய எர்நெட் என்ற கல்வி ஆய்வு வலையமைப்பில், ஐந்து ஐ.ஐ.டி.க்களுடன் பெங்களூரின் இந்திய அறிவியல் கழகமும் இடம்பெற்றது. அக்கழகத்தின் ஆய்வாளர்களும் ஒருசில நிறுவனங்களின் பொறியாளர்களும் மின்னஞ்சலை அன்றாடம் பயன்படுத்தத் தொடங்கியபோது, நகரின் பெரும்பாலான வீடுகளில் தொலைபேசிகூட இல்லை.

பொம்மசந்திராவின் அண்டைப் பகுதியான எலக்ட்ரானிக் சிட்டியின் கதையும் இதே வழியில் சென்றது. கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம், ஆர்.கே. பாலிகாவின் தலைமையில், கோனப்பன அக்ரஹாரம், தொட்டதோகூர் ஆகிய கிராமங்களில் 332 ஏக்கரில் அந்தத் தொழில் நகரை உருவாக்கியது. ஏற்றுமதிக்காக மென்பொருள் எழுதும் நிறுவனங்களுக்கு வசதி செய்து தருவதற்காக 1991-இல் அமைக்கப்பட்ட இந்திய மென்பொருள் தொழில்நுட்பப் பூங்கா என்ற அரசு அமைப்பு, எலக்ட்ரானிக் சிட்டியில் செயற்கைக்கோள் தரைநிலையம் வைத்து, அங்கிருந்து நுண்ணலை வானொலி மூலம் நகரெங்கும் உள்ள அலுவலகங்களுக்கு இணைப்பைப் பகிர்ந்தளித்தது. சாலையைத் தோண்டாமலும் தொலைபேசித் துறையின் கம்பிக்குக் காத்திராமலும் ஒரு கூரையிலிருந்து மற்றொரு கூரைக்கு இணைப்பு சென்றது. 1994-இல் இன்ஃபோசிஸ் அங்கே குடியேறியதற்கும், அதைப் பின்பற்றிப் பல நிறுவனங்கள் வந்ததற்கும் இந்த வசதி துணைநின்றது. ஆயினும் அது முழுக்க முழுக்க ஏற்றுமதிக்கான ஏற்பாடாகவே இருந்தது. அந்த வளாகங்களில் வேலை செய்தவர்கள் மாலையில் ஹெப்பகோடியிலோ பொம்மசந்திராவிலோ உள்ள தங்கள் வீடுகளுக்குத் திரும்பியபோது, அவ்வீடுகளுக்கென்று எந்த இணைப்பும் இல்லை. பெங்களூர் உலகத்தோடு இணைந்த காலத்துக்கும் பெங்களூரின் வீடுகள் இணையத்தோடு இணைந்த காலத்துக்கும் இடையில் பத்தாண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளி இருந்தது. அவ்விடைவெளிக்குக் காரணம் கடல்கடந்த இணைப்பு இல்லாமை அன்று. தெருவுக்குள் நுழையும் கம்பி இல்லாமையே.

தொலைபேசியின் தோளில்

பொதுமக்களுக்கான இணைய சேவையை விதேஷ் சஞ்சார் நிகாம் லிமிடெட் என்ற அரசு நிறுவனம் 1995 ஆகஸ்ட் 15 அன்று பம்பாய், டெல்லி, கல்கத்தா, சென்னை ஆகிய நகரங்களில் தொடங்கியது. பெங்களூரும் புணேயும் விரைவில் அந்த வரிசையில் சேர்ந்தன. கணினியையும் தொலைபேசி இணைப்பையும் மோடம் என்ற கருவியால் இணைத்து, அந்நிறுவனத்தின் எண்ணுக்கு அழைப்பு விடுத்து இணையத்துக்குள் நுழைய வேண்டும். கணினியின் எண்முறைத் தகவலைத் தொலைபேசிக் கம்பி தாங்கக்கூடிய ஒலியாக மாற்றுவதும், மறுமுனையிலிருந்து வரும் ஒலியைத் தகவலாக மீட்பதும் மோடத்தின் வேலை. 250 மணி நேரப் பயன்பாட்டுக்கு, எழுத்துகளை மட்டும் காட்டும் எளிய கணக்குக்கு 5,000 ரூபாயும், படங்களுடன் பக்கங்களைக் காட்டும் முழுக் கணக்குக்கு 15,000 ரூபாயும் கட்டணமாக இருந்தன. அதற்கு மேல் இணைப்பில் இருக்கும் நேரமெல்லாம் தொலைபேசிக் கட்டணமும் ஏறிக்கொண்டே போகும். அந்த நேரத்தில் வீட்டுக்கு வேறு யாரும் தொலைபேசியில் அழைக்க முடியாது. 1996-இல் பிரிகேட் சாலையில் திறக்கப்பட்ட முதல் கஃபே காஃபி டே கடை காபியோடு இணையத்தையும் மணிக்கணக்கில் விற்றதற்குக் காரணம், நடுத்தர வருவாய்க் குடும்பங்களுக்கு வீட்டு இணைப்பு எட்டாக் கனியாக இருந்ததே.

1998 நவம்பரில் இணைய சேவையில் தனியாரும் ஈடுபடலாம் என்ற கொள்கையை அரசு அறிவித்ததும், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சத்யம் இன்ஃபோவே, பின்னாளில் சிஃபி என்று அறியப்பட்ட நிறுவனம், முதல் தனியார் சேவையாளராகக் களமிறங்கியது. அந்தக் கொள்கை உரிமங்களை மூன்று வகையாகப் பிரித்தது. நாடு முழுவதும் சேவை தரலாம் என்பது 'ஏ' வகை. ஒரு தொலைத்தொடர்பு வட்டத்துக்குள், அதாவது ஏறத்தாழ ஒரு மாநிலத்துக்குள், அல்லது பெரிய தொலைபேசி அமைப்புகளுள் ஒன்றான பெங்களூர் போன்ற நகருக்குள் சேவை தரலாம் என்பது 'பி' வகை. ஏறக்குறைய ஒரு மாவட்ட அளவிலான பகுதிக்குள் மட்டும் என்பது 'சி' வகை. பொம்மசந்திரா போன்ற எல்லையோர ஊருக்கு இந்தப் பாகுபாடு இன்றும் பொருளுடையது. சாலை வழியே ஓசூர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாலும், அத்திபெலேயைத் தாண்டியதும் அது தமிழ்நாடு வட்டமாகிவிடுகிறது. ஆகவே ஓசூரில் நற்பெயரெடுத்த ஓர் உள்ளூர் சேவையாளர் பொம்மசந்திராவில் இல்லாதிருப்பதும், இங்குள்ள ஒருவர் அங்கு இல்லாதிருப்பதும் இயல்பே. ஓசூரிலிருந்து வீடு மாற்றிக்கொண்டு வருவோர் பழைய இணைப்பையே தொடரலாம் என்று எண்ணும் முன், சேவையாளரின் உரிமம் எந்த வட்டத்துக்கானது என்று விசாரித்துக்கொள்வது நல்லது.

செம்புக் கம்பியும் திறக்கப்படாத கதவும்

2004 அக்டோபரில் வெளியான பிராட்பேண்ட் கொள்கை, ஒவ்வொரு முறையும் அழைப்பு விடுக்கத் தேவையின்றி எப்போதும் இணைப்பிலேயே இருப்பதும், நொடிக்குக் குறைந்தது 256 கிலோபிட், அதாவது 256 கேபிபிஎஸ், வேகத்தில் தகவலைத் தருவதுமான இணைப்பே பிராட்பேண்ட் என்று வரையறுத்தது. அந்த அளவு 2013-இல் 512 கேபிபிஎஸ் ஆகவும், 2023-இல் 2 எம்பிபிஎஸ் ஆகவும் உயர்த்தப்பட்டது. பிஎஸ்என்எல் நிறுவனம் 2005 ஜனவரியில் டேட்டாஒன் என்ற பெயரில் தொடங்கிய சேவை, வீட்டுக்கு ஏற்கெனவே வந்திருந்த தொலைபேசியின் செம்புக் கம்பியையே பயன்படுத்தியது. ஏடிஎஸ்எல் எனப்படும் அந்த முறையில் பேச்சுக்கான தாழ்ந்த அலைவரிசையும் தகவலுக்கான உயர்ந்த அலைவரிசையும் ஒரே கம்பியில் தனித்தனியே செல்கின்றன; வீட்டில் பொருத்தும் ஸ்பிளிட்டர் என்ற சிறு பெட்டி இரண்டையும் பிரித்துவிடுகிறது. தொலைபேசியில் பேசிக்கொண்டே இணையத்தையும் பயன்படுத்த முடிந்தது அக்காலத்தில் பெரிய விடுதலையாக உணரப்பட்டது.

ஆனால் செம்புக் கம்பியில் தகவல் செல்லும் தூரம் கூடக்கூட அலை மெலிந்துபோகும். தொலைபேசி நிலையத்துக்கு அருகில் உள்ள வீட்டுக்குக் கிடைத்த வேகம், மூன்று நான்கு கிலோமீட்டர் தள்ளியிருந்த வீட்டுக்குக் கிடைக்கவில்லை. பழைய கம்பியின் இணைப்பு முடிச்சுகளில் ஈரம் புகுந்த மழைக்காலங்களில் இணைப்பு அடிக்கடி அறுந்தது. ஒரே திட்டத்துக்கு ஒரே கட்டணம் கட்டிய இரு வீடுகள் வேறுவேறு வேகத்தைப் பெற்றதற்கு அந்தத் தூரமே காரணம். கட்டணத் திட்டங்களும் அளவோடு கட்டுண்டிருந்தன. மாதம் 400 எம்பி மட்டும் தரும் தொடக்கநிலைத் திட்டத்தை 256 கேபிபிஎஸ் வேகத்தில் இடைவிடாது பயன்படுத்தினால் அந்த மாத அளவு மூன்றரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும். ஆகவே, நள்ளிரவு 2 மணி முதல் காலை 8 மணி வரை கணக்கில் சேராது என்று பிஎஸ்என்எல் அளித்த சலுகைத் திட்டத்தில் சேர்ந்து, பெரிய கோப்புகளை அந்நேரத்தில் தரவிறக்கம் செய்யுமாறு கணினியை விழித்திருக்க விட்டுவிட்டு உறங்கிய ஒரு தலைமுறையே பெங்களூரில் உருவாயிற்று.

இக்காலத்தில் எடுக்கப்பட்ட ஒரு முடிவு, பின்வந்த எல்லாவற்றையும் தீர்மானித்தது. தொலைபேசி நிலையத்திலிருந்து வீடுவரை செல்லும் செம்புக் கம்பியை, அதை அமைத்த நிறுவனம் நியாயமான வாடகைக்குப் பிற சேவையாளர்களுக்கும் திறந்துவிட வேண்டும் என்பது கம்பிப் பகிர்வுக் கொள்கை. ஐரோப்பிய ஒன்றியம் 2001 முதல் அதைக் கட்டாயமாக்கியதால், பிரான்சில் சொந்தமாகத் தெருவைத் தோண்டாத புதிய நிறுவனங்களும் பழைய கம்பியின் வழியே மலிவான சேவையைத் தர முடிந்தது. இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2004 ஏப்ரலில் இதையே பரிந்துரைத்தது. ஆனால் அதே ஆண்டு வெளியான கொள்கை அதைக் கட்டாயமாக்காமல் நிறுவனங்களின் பரஸ்பர உடன்பாட்டுக்கு விட்டுவிட்டதால், அந்தக் கதவு நடைமுறையில் திறக்கப்படவே இல்லை. 2010-க்குள் 2 கோடி பிராட்பேண்ட் இணைப்புகள் என்று இலக்கு வைத்த நாடு, அந்த ஆண்டின் இறுதியில் சுமார் 1.1 கோடியையே எட்டியது. போட்டியிட விரும்பிய ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று புதிதாக ஒரு கம்பியை வீடுவரை இழுக்க வேண்டியதாயிற்று. தெருக்கள்தோறும் ஏற்கெனவே கம்பி இழுத்து வைத்திருந்த ஒருவர் அப்போது இருந்தார். அவர் தொலைக்காட்சிக் கேபிள்காரர்.

கேபிள்காரரின் வருகை

1991 வளைகுடாப் போரின் நேரடி ஒளிபரப்போடு இந்திய நகரங்களில் பரவிய கேபிள் தொலைக்காட்சித் தொழிலை, 1995-இன் கேபிள் தொலைக்காட்சி வலையமைப்புச் சட்டம் முறைப்படுத்தியது. ஒரு மொட்டை மாடியில் கிண்ண ஆண்டெனாவை வைத்து, மின்கம்பம், மரம், மாடிக் கைப்பிடி என்று பிடிமானம் கிடைத்த இடமெல்லாம் கம்பி கட்டி, மாதம்தோறும் வீடுவீடாகச் சென்று பணம் வசூலித்த அந்தச் சிறு தொழில்முனைவோரிடம் பெரிய நிறுவனங்களிடம் இல்லாத இரண்டு செல்வங்கள் இருந்தன. ஒன்று வீட்டு வாசல்வரை செல்லும் வழி. மற்றொன்று வீட்டாரின் அறிமுகம். சிஃபி நிறுவனம் இந்த உள்ளூர்க் கேபிள்காரர்கள் வழியாகவே வீடுகளுக்குப் பிராட்பேண்ட் விற்றது. ஹாத்வே தன் கேபிள் தொலைக்காட்சிக் கம்பியிலேயே இணையத்தையும் அனுப்பியது. 2000-இல் பெங்களூரில் தொடங்கப்பட்டுக் கேபிள் தொலைக்காட்சித் தொழிலில் வளர்ந்த ஏட்ரியா கன்வர்ஜென்ஸ் டெக்னாலஜீஸ், ஏக்ட் என்ற பெயரில் நகரின் முன்னணி வீட்டு இணைய நிறுவனங்களுள் ஒன்றாயிற்று.

இவ்வகை இணைப்புகளில் பரவலாக இருந்த ஓர் அமைப்பு சற்று விளக்கத்துக்குரியது. சேவையாளரின் மையத்திலிருந்து ஒரு பகுதிவரை கண்ணாடி இழையாலான ஃபைபர் கம்பி வரும். அங்கிருந்து வீடுகளுக்கு, அலுவலகக் கணினிகளை இணைக்கும் சாதாரண லேன் கம்பி மாடிவிட்டு மாடி தாவிச் செல்லும். லேன் கம்பி 100 மீட்டருக்கு மேல் தகவலைச் சரிவரக் கடத்தாது என்பதால், சில வீடுகளுக்கு ஒன்றாக மொட்டை மாடிகளில் சுவிட்ச் என்ற இடைநிலைக் கருவி ஒரு தகரப் பெட்டிக்குள் வைக்கப்பட்டது. அதற்கு மின்சாரம் அந்த வீட்டின் மீட்டரிலிருந்தே எடுக்கப்பட்டது. ஆகவே பெட்டி இருக்கும் வீட்டில் மின்சாரம் போனால், தன் வீட்டில் இன்வெர்ட்டர் வைத்திருப்பவருக்கும் இணையம் நின்றுவிடும். இடி இடித்தால் வரிசையாகப் பல சுவிட்சுகள் கருகும். பழுதைச் சரிசெய்ய வருபவர் எந்த மாடியில் எந்தப் பெட்டி இருக்கிறது என்பதை மனப்பாடமாக அறிந்த அந்தத் தெருவின் லைன்மேனாகவே இருப்பார். அவர் ஊருக்குப் போயிருக்கும் நாள்களில் நிறுவனத்தின் அழைப்பு மையத்தால் செய்யக்கூடியது சொற்பமே.

இந்த ஏற்பாட்டை மாற்றியது வீடுவரை வரும் ஃபைபர். ஜியோ நிறுவனம் 2019 செப்டம்பர் 5 அன்று தன் ஃபைபர் சேவையை வணிகமுறையில் தொடங்கியதும், ஏர்டெல், ஏக்ட், பிஎஸ்என்எல் ஆகியவையும் வீடுகளுக்கு ஃபைபரை விரைந்து கொண்டுசென்றன. பிஎஸ்என்எல் பல இடங்களில் உள்ளூர்க் கூட்டாளிகளுடன் வருவாயைப் பகிர்ந்துகொண்டு இதைச் செய்தது. ஜிபான் எனப்படும் பரவலான முறையில், மையத்திலிருந்து புறப்படும் ஓர் இழையின் ஒளி, மின்சாரமே தேவைப்படாத கண்ணாடிப் பிரிப்பான்களால் 32 அல்லது 64 வீடுகளுக்குப் பங்கிடப்படுகிறது. நடுவில் மின்சாரம் தேவைப்படும் கருவி எதுவும் இல்லாததால், தன் வீட்டுப் பெட்டிக்கு மட்டும் மாற்று மின்சாரம் இருந்தாலே மின்வெட்டின்போதும் இணையம் தொடர்ந்து கிடைக்கும். மொட்டை மாடித் தகரப் பெட்டிகளின் காலம் இவ்வாறு முடிவுக்கு வரத் தொடங்கியது.

வீட்டுச் சுவரில் பொருத்தப்படும் ஓஎன்டி என்ற சிறு பெட்டியே இம்முறையின் கடைசி முனை. அதன் விளக்குகளைப் படிக்கத் தெரிவது பயனுள்ள அறிவு. பான் என்ற விளக்கு பச்சையாக நிலைத்து எரிந்தால் மையத்தோடு தொடர்பு சரியாக உள்ளது. எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பாக மின்னினால் ஒளியே வந்து சேரவில்லை, அதாவது வழியில் எங்கோ இழை அறுந்துள்ளது அல்லது மடங்கியுள்ளது என்று பொருள். வந்து சேரும் ஒளியின் வலிமையை டிபிஎம் என்ற அலகில் லைன்மேன் தன் கைக்கருவியில் அளப்பார். இம்முறையில் அது பொதுவாக கழித்தல் 8-க்கும் கழித்தல் 27-க்கும் இடையில் இருக்க வேண்டும். கழித்தல் 27-ஐ நெருங்கியிருக்கும் இணைப்பு இன்று வேலை செய்தாலும், ஒரு மடிப்போ தூசி படிந்த இணைப்பானோ சேர்ந்தால் நின்றுவிடக்கூடியது. ஆகவே இணைப்புக் கொடுக்கும் நாளிலேயே அந்த எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொள்வது, பின்னாளில் பழுது நேரும்போது ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

பகிர்வின் கணக்கும் ஒழுங்குமுறையும்

விளம்பரத்தில் காணப்படும் வேகம் ஏன் மாலையில் கிடைப்பதில்லை என்பதற்கு விடை பகிர்வில் உள்ளது. ஜிபான் முறையில் ஓர் இழையின் மொத்தத் திறன் நொடிக்குச் சுமார் 2,488 மெகாபிட். அதை 64 வீடுகள் ஒரே நேரத்தில் முழுமையாகப் பயன்படுத்தினால் ஒவ்வொன்றுக்கும் 39 எம்பிபிஎஸ் அளவிலும், 32 வீடுகள் பயன்படுத்தினால் 78 எம்பிபிஎஸ் அளவிலுமே கிடைக்கும். எல்லோரும் ஒரே நொடியில் முழு வேகத்தைக் கேட்பதில்லை என்ற நம்பிக்கையிலேயே ஒவ்வொருவருக்கும் 100 அல்லது 300 எம்பிபிஎஸ் விற்கப்படுகிறது. வரிசை வீடுகளில் ஒரே மேல்நிலைத் தொட்டியின் நீரைப் பலரும் பயன்படுத்தும்போது காலை ஆறு மணிக்கு மட்டும் குழாயில் நீர் மெலிவது போன்றதே இதுவும். தொட்டியின் கொள்ளளவையும் வீடுகளின் எண்ணிக்கையையும் அறியாமல் குழாயின் அகலத்தை மட்டும் பார்த்துப் பயனில்லை. இந்தப் பகிர்வு விகிதம் வீட்டு இணைப்புகளுக்கு 1:50-க்கு மேல் போகக்கூடாது என்றும் வணிக இணைப்புகளுக்கு 1:30-க்கு மேல் போகக்கூடாது என்றும் டிராய் 2009-இல் வழிகாட்டியது. தெருவின் இழைக்கு அப்பால், சேவையாளரின் மையத்திலிருந்து சென்னை, மும்பைக் கடற்கரைகளில் கரையேறும் கடலடிக் கம்பிகள்வரை செல்லும் பாதையிலும் இதே பகிர்வு நடக்கிறது. ஆயினும் அங்கு மாற்று வழிகள் பல உண்டு, தெருவுக்குள் ஒன்றே உண்டு.

அளவு தீர்ந்தபின் வேகத்தைக் குறைப்பதை நிறுவனங்கள் நியாயப் பயன்பாட்டுக் கொள்கை என்று அழைக்கின்றன. வரம்பற்றது என்று விற்கப்பட்ட பல திட்டங்களில் இந்தக் குறைப்பு ஒளிந்திருந்ததால், திட்டத்தின் அளவு எவ்வளவு, அதுவரை வேகம் எவ்வளவு, அதன் பிறகு எவ்வளவு என்பதை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்றும், நிலைத்த இணைப்பில் குறைக்கப்பட்ட வேகம் 512 கேபிபிஎஸ்ஸுக்குக் கீழே செல்லக்கூடாது என்றும் டிராய் 2016 அக்டோபரில் ஆணையிட்டது. அதற்கு முன்பே, 2006-இன் சேவைத்தர விதிமுறைகள், நூற்றுக்குத் தொண்ணூறு பழுதுகளை அடுத்த வேலைநாளுக்குள் சரிசெய்ய வேண்டும் என்றும், மூன்று வேலைநாளுக்கு மேல் பழுது நீடித்தால் கட்டணத்தில் கழிவு தர வேண்டும் என்றும் வகுத்திருந்தன; 2024-இல் இவ்விதிமுறைகள் புதுப்பிக்கப்பட்டன. 2012-இன் புகார் தீர்வு விதிமுறைகளின்படி ஒவ்வொரு புகாருக்கும் தனி எண் தரப்பட வேண்டும். தீர்வில் மனநிறைவு இல்லையெனில் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் செல்லலாம். லைன்மேனின் கைப்பேசிக்கு மட்டும் சொல்லிவிட்டுக் காத்திருப்பவரிடம் இந்த எண் இருப்பதில்லை; எண் இல்லாத புகார் விதிகளின் கண்ணில் புகாரே அன்று. லைன்மேனுக்குச் சொல்வதோடு நிறுவனத்திலும் பதிவு செய்து எண்ணை வாங்கிக்கொள்வதே சரியான வழி.

பொம்மசந்திராவில் தேர்ந்தெடுத்தல்

2020 மார்ச்சில் பொதுமுடக்கம் அறிவிக்கப்பட்டபோது, அதுவரை பொழுதுபோக்கின் துணையாக இருந்த வீட்டு இணையம் ஒரே வாரத்தில் அலுவலகமாகவும் பள்ளிக்கூடமாகவும் ஆயிற்று. தரவிறக்க வேகம் மட்டுமே போதும் என்ற எண்ணம் அப்போது மாறியது. காணொளிக் கூட்டத்தில் தன் முகத்தையும் குரலையும் அனுப்பத் தரவேற்ற வேகமும், இடையறாமையும் வேண்டும் என்பது வீடுதோறும் உணரப்பட்டது. ஆலைகளுக்கும் அலுவலகங்களுக்கும் 1990-களிலேயே கிடைத்த உறுதி, வீடுகளுக்கு 2020-இல்தான் தேவையாகவும் உரிமையாகவும் உணரப்பட்டது எனலாம்.

பொம்மசந்திராவில் இந்தத் தேர்வு நகரின் மையப்பகுதியில் உள்ளதைவிடச் சிக்கலானது. நெடுஞ்சாலை, தொழிற்பேட்டை, உள்ளூர் நகராட்சி ஆகியவை வேறுவேறு அமைப்புகளின் பொறுப்பில் இருப்பதால், புதிதாக ஃபைபர் பதிக்கும் நிறுவனம் ஒவ்வோர் இடத்திலும் தனித்தனியே அனுமதி பெற வேண்டும்; 2016-இன் வழியுரிமை விதிகள் இதை எளிமைப்படுத்த முனைந்தபோதிலும், தெருவைத் தோண்டுவதைவிட மின்கம்பத்தில் கட்டிச் செல்வதே எளிய வழியாக இருந்துவருகிறது. அவ்வாறு தொங்கும் கம்பி உயரமான சரக்கு லாரியில் சிக்கி அறுவதும், மரக்கிளையோடு வெட்டுப்படுவதும், அனுமதியற்ற கம்பிகளை மின் நிறுவனம் அகற்றும்போது துண்டிக்கப்படுவதும் உண்டு. 560099 என்ற அஞ்சல் எண் ஒரே சமயத்தில் ஆலைகளையும் மருத்துவமனையையும் குடியிருப்புகளையும் உள்ளடக்கியது; ஆகவே நிறுவனத்தின் செயலியில் அந்த எண்ணைத் தட்டியதும் சேவை உண்டு என்று வரும் விடை, குறிப்பிட்ட தெருவுக்கு இழை வந்துள்ளது என்பதற்கு உறுதியாகாது.

எனவே விசாரணை தெருவிலிருந்தே தொடங்க வேண்டும். அண்டை வீடுகளில் எந்த இணைப்பு இருக்கிறது, கடந்த மழைக்காலத்தில் அது எத்தனை நாள் நின்றது, இரவு எட்டு மணிக்கு மேல் வேகம் எவ்வளவு குறைகிறது என்பவை முதல் கேள்விகள். வீடுவரை வருவது ஃபைபரா, அல்லது மாடிப் பெட்டியிலிருந்து வரும் லேன் கம்பியா என்பது அடுத்தது. நிறுவனம் தன் ஆள்களை வைத்துப் பராமரிக்கிறதா, உள்ளூர்க் கூட்டாளியிடம் ஒப்படைத்திருக்கிறதா, அப்படியெனில் அந்தக் கூட்டாளியிடம் இழையை ஒட்டும் ஸ்பிளைசிங் எந்திரம் உண்டா என்பது மூன்றாவது. எம்பிபிஎஸ் என்பது மெகாபிட் கணக்கு. எட்டால் வகுத்தால் மெகாபைட் கிடைக்கும். ஆகவே 100 எம்பிபிஎஸ் இணைப்பில் நொடிக்கு அதிகபட்சம் 12.5 எம்பி வரும். நான்கைந்து பேர் உள்ள குடும்பத்தின் படிப்புக்கும் வேலைக்கும் திரைப்படங்களுக்கும், அது உண்மையிலேயே கிடைக்குமானால், போதுமானது. காகிதத்தில் 300 எம்பிபிஎஸ் என்று எழுதி மாலையில் திணறும் இணைப்பைவிட, என்றும் நிலைத்துக் கிடைக்கும் 50 எம்பிபிஎஸ் மேலானது. வீட்டுக் கண்காணிப்புக் கேமராவை வெளியிலிருந்து நேரடியாக இயக்க விரும்புவோர், ஒரே பொது இணைய முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து தரும் வழக்கம் பல நிறுவனங்களில் உள்ளதால், நிலையான தனி முகவரி கிடைக்குமா என்றும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் தங்கும் விடுதிகளிலும் கட்டட உரிமையாளரோ சங்கமோ ஒரே நிறுவனத்தோடு ஏற்பாடு செய்துகொண்டு மற்றவற்றை உள்ளே விடாதிருப்பது பரவலான வழக்கம். அங்கே தேர்வு என்பதே பறிபோகிறது. கட்டடங்களில் இணைய வசதி எவ்வாறு உள்ளது என்பதற்கு மதிப்பீடு வழங்கும் விதிமுறைகளை டிராய் 2024 அக்டோபரில் வெளியிட்டது, இந்தக் குறையை உணர்ந்ததன் அடையாளம். ஃபைபர் வராத தெருக்களிலும், அடிக்கடி வீடு மாற்றுவோருக்கும், கோபுரத்திலிருந்து 5ஜி அலை வழியே வீட்டுக்கு இணையம் தரும் ஏர்ஃபைபர் சேவை ஒரு வழியைத் தருகிறது; ஜியோ 2023 செப்டம்பரில் பெங்களூர் உள்ளிட்ட எட்டு நகரங்களில் அதைத் தொடங்கியது. கம்பியே இல்லாத இதிலும் பகிர்வு நீங்கவில்லை. ஒரு கோபுரத்தின் அலையை வீட்டு இணைப்புகளும் கைப்பேசிகளும் சேர்ந்தே பங்கிட்டுக்கொள்கின்றன. ஆகவே ஓராண்டுக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டும் முன், ஒரு மாதம் பயன்படுத்திப் பார்ப்பது இரண்டு வகைக்கும் பொருந்தும் எச்சரிக்கையாகும்.

டேட்டாஒன் காலத்துச் செம்புக் கம்பியைப் பிற சேவையாளர்களுக்குத் திறந்துவிட்டிருந்தால், இன்று ஒரு தெருவில் ஐந்து நிறுவனங்களின் ஐந்து கம்பிகள் தொங்கியிராது; ஒரே கம்பியில் ஐவரும் போட்டியிட்டிருப்பர். அந்தக் கதவு திறக்கப்படாததன் விளைவை, ஒவ்வொரு முறை கம்பி அறுந்து இணைப்பு நிற்கும்போதும் வீடுகள் சுமக்கின்றன. தெருவின் கடைசிப் பாதையைக் குடிநீர்க் குழாயைப் போலப் பொது வசதியாகக் கருதி, நிலத்தடியில் ஒருமுறை குழாய் பதித்து எல்லாச் சேவையாளர்க்கும் வாடகைக்கு விடும் பொறுப்பை உள்ளாட்சிகள் ஏற்பதே நிலையான தீர்வு. புதிதாக விரிவடைந்துவரும் பொம்மசந்திரா போன்ற ஊர்களில் அதைச் செய்வது, நெருக்கமாகக் கட்டி முடித்துவிட்ட பழைய நகரத்தில் செய்வதைவிட எளிது. அதுவரை, விதிகள் தந்துள்ள உரிமைகளை அறிந்து, கம்பி எங்கிருந்து எப்படி வருகிறது என்று கேட்டு, அண்டை வீட்டாரின் அனுபவத்தை விளம்பரத்துக்கு மேலாக மதித்துத் தேர்ந்தெடுக்கும் குடும்பமே தான் கொடுக்கும் பணத்துக்கு உரியதைப் பெறும்.